தண்ணி கெடக்குது, மணல் எங்க?

திருச்சிக்காரர்களோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். ஏதாவது ஒரு சாக்கில் எங்கள் வைகையில் தண்ணீர் இல்லை என்ற பேச்சு வந்துவிடும். "உங்க ஊர்ல அழகர் ஆத்துல எறங்குறாரா, தொட்டியில எறங்குறாரா?" என்பார் ஒருவர். "நாங்க பாலத்துல போனா கீழ தண்ணியப் பாப்போம், நீங்க என்னத்தப் பாப்பீங்க?" என்பார் இன்னொருவர். 2017-இல் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க வைகை அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்ட கூத்துக்கு அப்புறம் கேட்கவே வேண்டாம். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, ஆடியில உங்க காவிரி மட்டும் என்ன வாழுதாம் என்று எதையாவது சொல்லிச் சமாளிப்பேன். ஆனால் கூச்சம் போகாது. ஏனென்றால் அவர்கள் கேட்காத கேள்வி ஒன்று எனக்கே உண்டு. வெளியூரிலிருந்து வந்தவரை நாள் முழுக்கச் சுற்றிக் காட்டி, ராத்திரி மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றியும் விடுகிறோம், அதில் ஆற்றைக் காட்டுவது என்ற எண்ணமே நமக்கு வருவதில்லையே, அது எப்படி?

போன மாசியில் அத்தை வந்திருந்தார். அப்பாவின் அக்கா. சிம்மக்கல்லில் பிறந்து வளர்ந்தவர், 1974-இல் கல்யாணமாகி அம்பாசமுத்திரம் போனார். அதற்கப்புறம் மதுரைக்கு வந்ததெல்லாம் ஒன்று நல்லதுக்கு, இல்லை கெட்டதுக்கு. மண்டபத்துக்கு வருவார், சாப்பிடுவார், அன்றைக்கு ராத்திரியே கிளம்பிவிடுவார். இந்தத் தடவை போனில் சொன்னார்: "கல்யாணம் காட்சி எதுவும் இல்ல மருமகனே, சும்மா வாரேன். ஒரு நாளைக்கு ஊரைச் சுத்திக் காட்டு, போதும்." பிறந்த ஊரைச் சுற்றிக் காட்டச் சொல்லும் எழுபத்து மூன்று வயது அத்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெளியூர் நண்பர்களுக்குப் போடும் அதே திட்டத்தைத்தான் போட்டேன். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மஹால், ஜிகர்தண்டா, மத்தியானச் சாப்பாடு, காந்தி மியூசியம், சாயங்காலம் தெப்பக்குளம். அவசரமில்லாமல், ஆட்டோவில்.

கோயிலில் நான் நினைத்ததைவிட அதிக நேரம் ஆனது. செல்போனை வெளியே ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டியிருந்ததால் மணி பார்க்கவும் வழியில்லை. தரிசனம் முடிந்ததும் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தவர், உட்கார்ந்தவர்தான். பிட்டுக்கு மண் சுமந்த கதையை எடுத்தார். நமக்குத் தெரியாத கதையா என்று அரைக்காதில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வந்தி கிழவி, உதிர்ந்த பிட்டு, தூங்கிப்போன கூலியாள், எல்லார் முதுகிலும் விழுந்த பிரம்படி. அத்தை அதை சாமி கதையாகவே சொல்லவில்லை. "பாத்தியா, வெள்ளம் வந்தா கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு ஆளு போகணும்னு இருந்திருக்கு. கிழவின்னாலும் விடல பாரு. கரையில இவ்வளவு அடி உன் பங்குன்னு அளந்து விட்டிருக்கான்" என்றார். வார்டு கவுன்சிலரைப் பற்றிப் பேசுகிற தொனி. நம் ஊரின் முக்கியமான திருவிளையாடல் ஒன்று உடைந்த கரையை அடைக்கும் வேலையைப் பற்றியது என்று இத்தனை வருடத்தில் எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

மஹாலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1636-இல் கட்டியது, இன்றைக்கு நிற்பது அன்றைக்கு இருந்ததில் ஒரு பகுதிதான், தூணைக் கட்டிப்பிடிக்க ஒரு ஆளால் முடியாது, அந்தத் தூணிலும் விடாமல் பேரைக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். அத்தை நிழலாக இருக்கிறது என்று பாராட்டினார். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன். "எங்க காலத்துல இவ்வளவு ஆர்ப்பாட்டம் கிடையாது, பருத்திப்பால்தான்" என்று சொல்லிக்கொண்டே அடியிலிருந்த கடற்பாசி வரை வழித்துக் குடித்தார்.

மத்தியானம் அயிரைமீன் குழம்பு கிடைக்கும் கடைக்குக் கூட்டிப்போனேன். பரிமாறியவரிடம் அத்தை கேட்டது: "தம்பி, இது எந்த அயிரை?" அவருக்குப் புரியவில்லை. "கண்மாய் அயிரைம்மா" என்றார் கொஞ்சம் யோசித்து. அத்தை தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார். அப்புறம் என்னிடம் மட்டும் சொன்னார்: "ஆத்து அயிரை மணலுக்குள்ள மூக்கை நுழைச்சுக்கிட்டுக் கெடக்கும். வெள்ளைத் துண்டை விரிச்சு ரெண்டு பேரு பிடிச்சுக்கிட்டா போதும், அள்ளிரலாம்." நான் குழம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்.

ஆறு வந்துருச்சா?

காந்தி மியூசியம் வடகரையில், தமுக்கத்துக்குப் பக்கத்தில். அங்கே போக வைகை மேல் இருக்கும் ஏ.வி. பாலத்தை, அதாவது ஆல்பர்ட் விக்டர் பாலத்தை, தாண்ட வேண்டும். கோரிப்பாளையத்தில் மேம்பால வேலை நடந்துகொண்டிருந்ததால் ஆட்டோ ஊர்ந்துகொண்டே போனது. முன்னால் டவுன் பஸ், பின்னால் ஹாரன், இரண்டு பக்கமும் பைக்குகள். அத்தை என் கையைத் தட்டி, "ஆறு வந்துருச்சா?" என்றார். திரும்பிப் பார்த்தால் பாலம் முடிந்து கோரிப்பாளையம் வந்திருந்தது. "இப்பத்தான் தாண்டினோம் அத்தை" என்றேன். சொல்லும்போதே ஒரு மாதிரி இருந்தது. 1889-இல் கட்டிய பாலம். நான் பிறந்ததிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை அதன்மேல் போயிருப்பேன் என்று கணக்கே கிடையாது. அதில் ஆற்றைப் பார்ப்பதற்காகவே நின்றது விரல்விட்டு எண்ணும் தடவைகள். வைகை அணை நீர்மட்டம் 66 அடிக்கு முதல் எச்சரிக்கை, 68.5-க்கு இரண்டாவது, 69-க்கு மூன்றாவது என்று பேப்பரில் வரும்போது நாங்கள் ஆயத்தமாவோம். தண்ணீரைத் திறந்து விட்டு யானைக்கல் தரைப்பாலம் மூழ்கினால், அன்றைக்கு ஏ.வி. பாலத்தில் ஆளுக்கு ஒரு செல்போனோடு ஊரே நிற்கும். மறுவாரம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம்.

மியூசியம் ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கிறது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த அந்த வேட்டி முன்னால் அத்தை ரொம்ப நேரம் நின்றார். வெளியே வந்து வேப்பமர நிழலில் உட்கார்ந்தபோது, காந்தி 1921-இல் மேலமாசி வீதியில் ஒரு மாடியில் தங்கியிருந்தபோதுதான் சட்டை, தலைப்பாகையெல்லாம் விட்டுவிட்டு முழங்கால் வேட்டிக்கு மாறினார் என்று நான் வழிகாட்டிபோல ஆரம்பித்தேன். "தெரியும்" என்றார். "அப்போ வேட்டி துவைக்க ஆறு இருந்துச்சு." எழுந்து சேலையை உதறிக்கொண்டு, "தெப்பக்குளம் அப்புறம் பாக்கலாம். படித்துறைக்குப் போவோம்" என்றார்.

எந்தப் படித்துறை என்று கேட்டேன். "பேச்சியம்மன் படித்துறைதான், வேற எது?"

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பேச்சியம்மன் படித்துறை, திருமலைராயர் படித்துறை, ஓபுளா படித்துறை எல்லாம் எனக்கு முகவரிகள். ஓபுளா படித்துறையில் இறங்கினால் இன்ன கடை, பேச்சியம்மன் படித்துறையில் திரும்பினால் இன்னார் வீடு. படித்துறை என்றால் ஆற்றில் இறங்கும் படி என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். புட்டுத்தோப்பு என்றால் ஒரு காலத்தில் தோப்பு என்று தெரிகிற மாதிரி. பேரில் இருப்பதைத் தேடி யாரும் போவதில்லை. அத்தை போனார்.

சிம்மக்கல்லில் இறங்கி நடந்தோம். மூன்று மணி வெயில். அத்தை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார், வழி கேட்கவில்லை, ஒரே ஒரு சந்தில் மட்டும் நின்று இங்கிட்டா அங்கிட்டா என்று யோசித்துவிட்டு இடதுபக்கம் திரும்பினார். சந்து முடிந்த இடத்தில் கரையோரச் சாலை குறுக்கே போனது. இருகரையிலும் புதிதாகப் போட்டிருக்கிறார்களே, அதுதான். எனக்கு அந்தச் சாலை பிடிக்கும், ஆரப்பாளையத்துக்குச் சிக்னல் இல்லாமல் போய்விடலாம். சாலைக்கு அந்தப்பக்கம் கான்கிரீட் சுவர். அத்தை வண்டிகளுக்கு நடுவே கையைக் காட்டி நிறுத்தியபடி சாலையைத் தாண்டி, சுவரில் இரண்டு கையையும் ஊன்றி எட்டிப் பார்த்தார்.

நானும் பார்த்தேன். கீழே தண்ணீர் இருந்தது. மாசி மாத வைகையில் தண்ணீர்! கறுப்பாக, அசையாமல், பாதிக்கு மேல் ஆகாயத்தாமரை மூடிக்கிடந்தது. கரையோரம் கால்வாய் வாயிலிருந்து நுரையோடு இன்னும் வந்துகொண்டிருந்தது. நடுவில் ஆள் உயரத்துக்கு நாணல், அதில் கொக்குகள், சீமைக்கருவேலம். கொஞ்சம் தள்ளி மைய மண்டபம் பச்சைக்குள் இடுப்புவரை புதைந்த மாதிரி நின்றது. சுவரின் மேலேயே யாரோ வேட்டிகளைக் காயப்போட்டு, பறக்காமல் கல் வைத்திருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்கிற குரலில், "மழை இல்ல அத்தை, அணையில தண்ணி திறந்தா நல்லா வரும், அடுத்த தடவை நான் பாத்துச் சொல்றேன், அப்ப வாங்க" என்று ஆரம்பித்தேன். திருச்சிக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய அதே வசனம்.

"தண்ணி கெடக்குதுல்ல, அதை விடு" என்றார் அத்தை. "மணல் எங்க?"

மணல் என்பது என்ன

நான் பதில் சொல்லவில்லை. பதில் தெரியாமல் இல்லை. அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதே இல்லை. வைகையில் என்ன இல்லை என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடத் தண்ணீர் என்றுதான் சொல்லும்.

அத்தை சுவருக்கு இந்தப்பக்கம் நடைபாதையில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்துப் பெட்டிக்கடையில் சோடா வாங்கி வந்தேன். அப்புறம் அவர் சொன்னதையெல்லாம் என்னால் அப்படியே எழுத முடியாது, கோர்வையாகச் சொல்லவும் இல்லை. ஆனால் சாரம் இதுதான்: அவர் சிறுமியாக இருந்தபோதும் வைகையில் வருடத்தில் பாதிநாள் தண்ணீர் ஓடியதில்லை. அணை 1959-இல் வந்தது, அப்போது அவருக்கு ஏழு வயது, அதற்கு முன்னாலும் அப்படித்தான் என்று அவருடைய பாட்டி சொல்வாராம். தண்ணீர் வந்தால் வந்தது. வராத நாளில் மணல். கரையிலிருந்து கரை வரை மணல். சாயங்காலம் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். கையால் ஒரு முழம் தோண்டினால் ஊற்று. முதலில் கலங்கலாக வருவதைச் சிரட்டையால் இறைத்துக் கொட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் தெளிந்த தண்ணீர், அதைத்தான் வீட்டுக்குக் குடிக்க எடுத்துப்போவார்கள். வெளுத்த துணியெல்லாம் மணலில் விரித்துக் காயும். கோடையில் ராத்திரிச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போய் மணலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார்கள். "மெரினாவுக்கு நீங்க போறீங்கள்ல, அது மாதிரி" என்றார். "எங்களுக்கு வாசலுக்கு எதிர்லயே இருந்துச்சு."

"அம்பாசமுத்திரத்துல தாமிரபரணி வருஷம் பூரா ஓடுது. குளிக்கலாம், துவைக்கலாம், எல்லாம் சரி. ஆனா ஆத்து நடுவுல போயி உக்கார முடியுமா?"

இதைக் கேட்டதிலிருந்து நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வற்றாத ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் அளவுகோலை வாங்கி நம் ஆற்றை நாமே அளந்து, குறைந்துபோய்விட்டது என்று கூசிக்கொண்டிருக்கிறோம். வைகை வந்து போகிற ஆறு. பழைய பாட்டுகளில்கூட வையையில் புதுவெள்ளம் வந்தது என்பதுதான் கொண்டாட்டம். எப்போதும் இருப்பதற்கு யாராவது அப்படி விழுந்தடித்துக்கொண்டு ஓடுவார்களா? வெள்ளம் வந்துபோன மிச்ச மாதங்களுக்கு இந்த ஊர் வைத்திருந்தது மணல். சித்திரைத் திருவிழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அழகர் ஆற்றில் இறங்குவது தேனூரில் நடந்துகொண்டிருந்தது, அதை மதுரைக்குக் கொண்டுவந்தது திருமலை நாயக்கர் என்பார்கள். கொண்டுவந்து சேர்த்தது எந்த மாதத்தில்? சித்திரையில், ஆறு காய்ந்து கிடக்கும் கோடையில். அதற்கு வேறு காரணங்கள் சொல்வார்கள், இருக்கட்டும். ஆனால் இத்தனை லட்சம் ஜனம் ஒரு குதிரையைப் பார்க்க ஆற்றுக்குள் நிற்க வேண்டுமென்றால் அது தண்ணீர் ஓடும் காவிரியில் நடக்குமா? அழகருக்கு வேண்டியது கால் நனையத் தண்ணீர், அவரைப் பார்க்க வந்தவர்களுக்கு வேண்டியது நிற்க, படுக்க, கட்டுச்சோறு பிரிக்க, மொட்டையடித்துக்கொள்ள மணல். அத்தை முதல்நாள் ராத்திரியே போய் மணலில் படுத்துத் தூங்கியிருக்கிறார். இப்போது ஜனம் நெருக்கிக்கொண்டு நிற்பது கரையிலும் பாலத்தடியிலும் கிடைத்த இடுக்கிலும். 2022-இல் அந்த நெரிசலில் 2 பேர் செத்துப்போனார்கள்.

மணல் போனதும் அந்த மைதானம் போனது, ஊற்று போனது, அயிரை போனது. மணல் என்பது வெறும் தரையா என்ன, மழைக்காலத்துத் தண்ணீரைக் கோடைவரை தனக்குள் பிடித்து வைத்திருக்கும் பஞ்சு அது. மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். கீழடியில் உறைகிணறுகள் கிடைத்தபோது எல்லாரும் நாகரிகம் நாகரிகம் என்று பேசினோம். அந்த ஆட்களுக்குத் தெரிந்திருந்தது மேலே தெரியாத தண்ணீரை எடுக்கும் வழி. கீழடியை ஒட்டித் தோண்டிய ஊர்களில் ஒன்றின் பேரே மணலூர். ஆற்று மணலை அள்ளியது போக மிஞ்சிய இடத்தில் களியும் நாணலும் வந்து உட்கார்ந்துவிட்டன, மேலிருந்து புது மணல் வர வழியில்லாமல் அணை நிற்கிறது, ஊரின் சாக்கடையெல்லாம் சேர்ந்து இன்றைக்கு வைகையை வற்றாத ஆறாகவும் ஆக்கிவிட்டது. மதுரைக்குள்ளேயே ஓடிய கிருதுமால் ஆறு எப்படி மெல்ல மெல்ல வாய்க்கால் ஆகி, சாக்கடை ஆகி, பேரே மறந்துபோனதோ அதே பாதை. திருச்சிக்காரர்களே, உங்கள் நக்கலைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். மதுரையில் ஆற்றில் தண்ணீர் இருக்கிறது, அதனால்தான் யாரும் இறங்குவதில்லை.

(இதை எழுதும்போது எனக்கே ஒரு சந்தேகம் வருகிறது. அத்தையின் பேச்சை அப்படியே நம்பி, ஞாபகத்தில் இருக்கும் மணலுக்கு நான் பவுடர் பூசுகிறேனோ? அந்த மணலிலேயே காலைக்கடனும் கழித்திருப்பார்கள்தானே. கேட்டேன். "பின்ன?" என்றார். "அது அங்கிட்டு ஓரமா.")

சோடாவைக் குடித்துவிட்டுத் திரும்பி நடந்தபோது, சந்து முனையில் ஏதோ வீட்டு வேலைக்காகச் சாம்பல் நிறத்தில் ஒரு குவியல் கொட்டிக் கிடந்தது. அத்தை குனிந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். "என்னது இது, கல்லுப்பொடி மாதிரி இருக்கு?" எம்-சாண்ட் என்றேன். கல்லை உடைத்துச் செய்கிறார்கள், இப்போதெல்லாம் கட்டடத்துக்கு இதுதான் என்றேன். மலையையும் எடுத்தாச்சா என்று கேட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

தெப்பக்குளம் போகும்போது ஐந்தரை மணி. சாயங்காலத் தெப்பக்குளம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய், மக்காச்சோளம், பலூன், நடைப்பயிற்சிக்காரர்கள், நடுவில் மைய மண்டபம், சுற்றிலும் நிறைந்த தண்ணீர், அதுவும் வைகையிலிருந்து கால்வாய் வழியாக வந்த தண்ணீர். 1645-இல் வெட்டிய குளம். நான் சின்னப் பையனாக இருந்தபோது காய்ந்து கிடக்கும், உள்ளே பத்து கிரிக்கெட் டீம் ஒரே நேரத்தில் ஆடும், ஒருத்தன் அடித்த பந்தை இன்னொரு மேட்சின் விக்கெட் கீப்பர் பிடிப்பான். குளம் நிறைந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அன்றைக்கு முதல்முறையாக அந்தக் கிரிக்கெட் பையன்கள் எங்கே போனார்கள் என்றும் நினைத்துக்கொண்டேன். அத்தை மதில் மேல் உட்கார்ந்து மாங்காய் சாப்பிட்டார். ஊரே இங்கேதான் வந்து உட்காருகிறது போல என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். இந்த வீட்டை அப்பா 1991-இல் கட்டினார். கடைசிவரை வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொன்ன பெருமை ஒன்று உண்டு: "சுத்தமான வைகை மணலு. லோடு லோடா நான் நின்னு சலிச்சு வாங்குனது." அத்தைக்கும் அது தெரியும், கிரகப்பிரவேசத்துக்கு வந்தபோது அவரிடமும் சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரி அதைப் பற்றி நாங்கள் இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

மாடிப்படிக்குக் கீழே ஒரு இடத்தில் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்ந்துகொண்டே இருக்கிறது. தினமும் காலையில் ஒரு கை மணல் கொட்டிக் கிடக்கும், கூட்டித் தள்ளுவோம். மறுநாள் நான் எழுந்து வந்தபோது அத்தை அங்கே கீழே உட்கார்ந்திருந்தார். உதிர்ந்ததில் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்து, சுண்ணாம்பையும் சிமெண்டுத் தூளையும் வாயால் ஊதித் தள்ளிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதுதாண்டா" என்றார். "மினுங்குது பாரு."